நெஞ்சில் பேஸ்மேக்கர், நாக்கில் சென்சர்: எதை எடுப்பது, எதை விடுவது?

பத்து, பற்று, பட்டு. இந்த மூன்றையும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். நாக்கு நுனி ஒவ்வொன்றுக்கும் வேறொரு இடத்தில் போய் முட்டும். முதல் சொல்லில் மேற்பல்லின் பின்புறம், இரண்டாவதில் பல்லுக்கு மேலே இருக்கும் முரசு மேடு, மூன்றாவதில் பின்னோக்கி வளைந்து அண்ணம். தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் ‘காற்று’ ‘காத்து’ ஆகி, நடுவில் இருந்த இடம் கழன்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கொழும்புக்கு வந்து முப்பது, நாற்பது வருடமான முதியவர்களின் வாயிலும் இருக்கிறதா? எங்கள் சிறிய குழுவின் கேள்வி அதுதான். ல, ள, ழ பற்றியும் அதே கேள்வி.

எட்டுப் பேர் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் ஐந்து, தெஹிவளையில் இரண்டு, கொட்டாஞ்சேனையில் ஒருவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நாக்கின் அசைவைக் காந்தப்புலத்தால் பின்தொடரும் ஈ.எம்.ஏ. கருவியை ஆறு வாரத்துக்கு இங்கே கொண்டுவரத் தயாராக இருந்தது. எல்லாம் கூடி வந்தது என்று நினைத்துக்கொண்டு உடல்நலப் படிவத்தை நிரப்ப வீடு வீடாகப் போனேன். கொட்டாஞ்சேனை மாஸ்டருக்கு வயது 74, பேஸ்மேக்கர். வெள்ளவத்தை அன்ரிக்கு 68, ஐ.சி.டி., அதாவது இதயத்தின் தாளம் ஆபத்தாகக் கெட்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி. “காந்தம் எண்டால் கிட்டப் போகக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர் பிள்ளை. உங்கட மெசின் என்ன மாதிரி?” என்று அன்ரி கேட்டபோது என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. அதைத் தேடிப் போனதன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் கருவி. ஈ.எம்.ஏ.யில் தலையைச் சுற்றியோ பக்கத்திலோ கம்பிச்சுருள்கள் இருக்கும். அவை சில கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் (அதிர்வெண்ணில்) மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும். நாக்கு, உதடு, தாடை ஆகியவற்றில் அரிசி மணி அளவிலான சென்சர்களைத் திசுப் பசையால் ஒட்டுவார்கள். புலம் சென்சரில் தூண்டும் மின்னழுத்தத்தை வைத்து அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணிப்பார்கள். ஜெர்மனியின் கார்ஸ்டென்ஸ் நிறுவனத்தின் ஏஜி500 கருவியில் இப்படி ஆறு சுருள்கள், பின்னால் வந்த ஏஜி501இல் ஒன்பது. கனடாவின் என்.டி.ஐ. நிறுவனம் செய்த வேவ் கருவியில் தலையைச் சுற்றி எதுவும் இல்லை, முகத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டி மட்டும். தமிழுக்கு இந்த முறை புதிதல்ல. 1999இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளைக் காந்தமானி (ஈ.எம்.ஏ. வகைதான்), எம்.ஆர்.ஐ., நாக்கு அண்ணத்தில் தொட்ட இடத்தைக் காட்டும் அண்ணப்பதிவு மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை வந்திருக்கிறது. ஆகவே இதை விட மனம் வராதது எனக்கு மட்டும் உள்ள ஆசை அல்ல.

அப்புறம் நெஞ்சில் இருப்பது. “காந்தம் ஆகாது” என்ற ஒரே வசனத்துக்குள் இரண்டு வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் ஒப்பிடவே முடியாது.

ஒன்று, அசையாத காந்தம். பேஸ்மேக்கரிலும் ஐ.சி.டி.யிலும் காந்தத்தை உணர்வதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்துத்தான் செய்கிறார்கள். டொக்டர் வேண்டுமென்றே காந்தம் வைத்துப் பரிசோதிப்பதற்காக அது. பேஸ்மேக்கர் மேல் வலுவான காந்தத்தை வைத்தால், இதயம் தானாக அடிக்கிறதா என்று பார்க்காமல் நிலையான ஒரு வேகத்தில் துடிப்புக் கொடுக்கத் தொடங்கும். ஐ.சி.டி. மேல் வைத்தால், பெரும்பாலான கருவிகளில் அதிர்ச்சி கொடுக்கும் வேலை நின்றுவிடும். காந்தத்தை எடுத்தால் பொதுவாகப் பழைய நிலை திரும்பும். இதற்கான எல்லை சுமார் 1 மில்லிடெஸ்லா, அதாவது ஆயிரம் மைக்ரோடெஸ்லா. கொழும்பில் பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா என்பதை வைத்து அளவைப் பிடித்துக்கொள்ளலாம்.

மற்றது, மாறும் காந்தப்புலம். ஈ.எம்.ஏ. இந்த வகை. இங்கே ஆபத்து காந்தத்தை உணரும் அந்த ஏற்பாட்டால் வருவதல்ல, இதயத்துக்குப் போகும் வயரால் வருவது. பழைய ஒருமுனை வகையில் வயரும் கருவிப் பெட்டியும் உடலும் சேர்ந்து சுமார் 200 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒரு வளையம் போல ஆகும். ஒரு பேச்சுக்கு நெஞ்சில் 10 மைக்ரோடெஸ்லா, மீடிறன் 10 கிலோஹேர்ட்ஸ் என்று எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வளையத்தில் 12, 13 மில்லிவோல்ற் வருகிறது. பேஸ்மேக்கர் இதயக் கீழறையின் துடிப்பை உணரும் எல்லை பொதுவாக 2 மில்லிவோல்ற் அளவில், ஐ.சி.டி.க்கு 0.3 மில்லிவோல்ற் வரை. கணக்கைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது, உண்மை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. இதயத்தின் மின்சைகை சில பத்து ஹேர்ட்ஸ் வட்டாரத்தில் நடப்பது. பத்தாயிரம் ஹேர்ட்ஸ் என்பது அதைவிட மிக மிக மேலே. கருவிக்குள் இருக்கும் வடிகட்டி அதை வெளியே தள்ளத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய வயர்கள் பெரும்பாலும் இருமுனை வகை, உணரும் இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், வளையமும் சுருங்கிவிடுகிறது. தூரமும் உதவும். சுருளிலிருந்து போதிய தூரத்தில், இடைவெளி இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகக் குறையும். தலையை நோக்கிச் செய்த கருவிக்கு நெஞ்சு ஓரளவு தள்ளித்தான் இருக்கிறது.

வடிகட்டியை ஏமாற்றக்கூடியது விட்டு விட்டு வரும் புலம். கடை வாசல்களில் நிற்கும் களவுத் தடுப்பு வாயில்களில் ஒரு வகை 58 கிலோஹேர்ட்ஸில் துடிப்புத் துடிப்பாக வேலை செய்வது. மீடிறன் எவ்வளவு உயர்ந்தாலும், துடிப்பின் தாளம் இதயத் துடிப்பின் வேகத்துக்குக் கிட்ட வந்தால் கருவி குழம்பலாம். அதனால்தான் “வாயிலைத் தாண்டிப் போங்கள், அதில் சாய்ந்துகொண்டு நிற்காதீர்கள்” என்று சொல்கிறார்கள். காலி வீதிக் கடைகளில் மாஸ்டர் மகளுக்காகக் காத்து நிற்பது அந்த வாயிலுக்குப் பக்கத்தில்தான். அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, யாராவது நேரடியாகச் சோதித்தார்களா? சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டாலஸ் நகரில் பேச்சு ஆய்வாளர்களும் இதய மருத்துவர்களும் சேர்ந்து, பேஸ்மேக்கரும் ஐ.சி.டி.யும் உள்ளவர்களை ஈ.எம்.ஏ. தலைக்கவசத்தின் புலத்துக்குள் கட்டுப்பாட்டோடு உட்காரவைத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு: குறுக்கீடு காணப்படவில்லை. அவர்கள் ஏன் இதில் இறங்கினார்கள் என்பதும் முக்கியம். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுத் தடுமாறுபவர்களுக்குத் தங்கள் நாக்கின் அசைவைத் திரையில் காட்டிப் பயிற்சி கொடுக்கும் முறையில் அந்த வட்டாரம் வேலை செய்துகொண்டிருந்தது. பக்கவாதம் வரும் வயதும் நெஞ்சில் கருவி வைக்கும் வயதும் ஒன்று. கருவி இருக்கிறது என்பதற்காக அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் சிகிச்சை யாருக்கு?

இந்த ஆய்வை வாசித்ததும் எங்கள் குழுவில் ஒருவர், “பிறகென்ன, மாஸ்டரையும் இருத்துவோம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோதித்தது தலைக்கவச வகை. எங்களுக்கு வர இருந்தது பக்கத்தில் வைக்கும் பெட்டி வகை. பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நெஞ்சுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறும். பெரும்பாலானோருக்கு இதயக் கருவி இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே இருக்கும் என்பதால் பெட்டியை வலப்பக்கம் வைப்பது குறைந்தபட்ச புத்தி. அது சோதனையாகாது. அங்கே இதய மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். எங்கள் அறையில் இருக்கப்போவது நானும், மடிக்கணினியும், ஒரு மின்விசிறியும்.

பொதுமக்களுக்கான காந்தப்புல எல்லைகளைக் காட்டியும் ஒரு வாதம் வந்தது. அயனாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில், 3 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் பொதுமக்களுக்கான ஒப்பீட்டு அளவு 27 மைக்ரோடெஸ்லா. கருவி அதற்குள் இருந்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அந்த எண் நரம்பையும் தசையையும் மனதில் வைத்துப் போட்டது. உடலுக்குள் மின்கருவி உள்ளவர்களுக்கு இந்த எல்லை உத்தரவாதம் அல்ல என்பதை அந்த ஆணையமே தன் வழிகாட்டியில் சொல்லி வைத்திருக்கிறது.

இனி இருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மாஸ்டருக்கு முழு இதய அடைப்பு. மேலறையின் செய்தி கீழறைக்குப் போவதே இல்லை. கருவி குழம்பி, “இதயம் தானாக அடிக்கிறது, நான் சும்மா இருக்கலாம்” என்று நினைத்துவிட்டால் சில விநாடிகளில் தலை சுற்றி விழுந்துவிடுவார். அன்ரியின் இதயம் தானாகத்தான் அடிக்கிறது, ஐ.சி.டி. ஒரு காவலாளி மாதிரி. குழப்பம் வந்தால் தேவையில்லாமல் ஓர் அதிர்ச்சி கொடுக்கலாம். அது கதிரையை விட்டுத் தூக்கிப்போடும் வலி. இரண்டுமே நடக்க வாய்ப்புக் குறைவுதான். ஆனால் ஈ.எம்.ஏ.யால் இவர்களுக்குக் கிடைக்கும் நன்மை என்ன? ஒரு பிளேன்ரீயும் பஸ் காசும். பக்கவாத நோயாளிக்குப் பேச்சுத் திரும்பி வரும் வாய்ப்பு தராசின் மறுதட்டில் இருக்கிறது. இவர்களுடைய தட்டில் இருப்பது என்னுடைய ஆய்வு மட்டும். ஒரே கருவி, ஒரே புலம் என்றாலும் அங்கே சரியாக வரும் முடிவு இங்கே சரியாக வராது.

இன்னொன்று. இந்த வயதில் நெஞ்சில் கருவி உள்ள பலர் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுப்பவர்கள். ஒட்டிய சென்சரைக் கழற்றும்போது நாக்கின் மேல்தோல் சற்று உரியலாம். எனக்கு உரிந்தால் ஒன்றுமில்லை. அன்ரிக்கு உரிந்தால் இரத்தம் நிற்கச் சுணங்கும். காந்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் இதைக் கடைசியில்தான் கண்டேன்.

இருந்தும் ஒருவரை ஈ.எம்.ஏ.யில் இருத்தியே ஆக வேண்டும் என்றால் என்ன வேண்டும்? ஈ.எம்.ஏ. கருவி செய்தவர்களின் கையேடு அனுமதிக்க வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அவருடைய இதய மருத்துவர், இதயக் கருவியின் மாடலையும் வயரின் வகையையும் பார்த்து எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பதிவுக்கு முன்னும் பின்னும் இதயக் கருவியை, அதன் நிலையை வெளியிலிருந்து வாசிக்கும் புரோகிராமர் என்ற இயந்திரத்தால் படித்துப் பார்க்க வேண்டும். பதிவு நடக்கும்போது ஈ.சி.ஜி. ஓட வேண்டும், அதை வாசிக்கத் தெரிந்தவரும், அவசரத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிபிபிரிலேற்றரும் அறையில் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் அது ஆஸ்பத்திரியில் செய்யும் வேலை, வெள்ளவத்தை மாடிவீட்டில் செய்யும் வேலை அல்ல.

மாற்றுவழிகளில் முதலாவது அல்ட்ராசவுண்ட். தாடைக்குக் கீழே புரோப்பை வைத்தால் நாக்கின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகத் திரையில் வளையும். காந்தம் இல்லை, வாய்க்குள் எதுவும் இல்லை, பசை இல்லை. அன்ரியிடம் விளக்க எனக்கு ஒரே வசனம் போதுமாக இருந்தது: “எக்கோ எடுக்கேக்க நெஞ்சில வைக்கிறது இதேதான் அன்ரி.” இதயக் கருவி உள்ளவர்களுக்கும் வழக்கமாக நெஞ்சில் வைத்து எடுக்கும் ஸ்கான் அது. தலைப்பட்டை போட்டுப் புரோப்பை அசையாமல் பிடிக்கலாம், அந்தப் பட்டையில் காந்தப் பூட்டு எதுவும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

ஆனால் அல்ட்ராசவுண்டுக்கு ஒரு குறை இருக்கிறது. அதுவும் எங்கள் கேள்விக்கே குறுக்கே நிற்பது. நாக்கு நுனி மேலே எழுந்தால் அதற்குக் கீழே காற்று வந்துவிடும், காற்றைத் தாண்டி ஒலியலை போகாது. தாடையெலும்பின் நிழல் வேறு. ட, ள, ழ என்று நுனி வளையும் இடத்தில்தான் படத்தில் நுனி மறையும். நாக்கின் உடல் எப்படிப் பின்வாங்குகிறது என்று நன்றாகத் தெரியும்; நுனி எங்கே தொட்டது என்று தெரியாது. ஈ.எம்.ஏ.யை விட மனமில்லாமல் இழுபட்டதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஓட்டையை அடைக்க மின் அண்ணப்பதிவு பற்றி யோசித்தோம். வாயின் அச்சை எடுத்துச் செய்யும் செயற்கை அண்ணத்தில் 62 மின்முனைகள், நாக்கு எதைத் தொட்டாலும் புள்ளியாகத் தெரியும். பத்து, பற்று, பட்டு மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆனால் இது வேலை செய்வதே கையில் பிடிக்கும் மின்முனையிலிருந்து உடல் வழியாக நாக்குக்குச் சிறிய மின்னோட்டம் போவதால்தான். காந்தம் இல்லை என்று மகிழ்ந்து, மின்னோட்டத்தை உள்ளே விடுவதா? அளவு மிகச் சிறிதுதான், ஆனாலும் மறுபடி இதய மருத்துவரின் கடிதம், மறுபடி அதே வரிசை. கழுத்தில் இரண்டு தகடு வைத்துக் குரல்நாணை அளக்கும் கருவிக்கும் இதே ஆட்சேபம். விட்டுவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ.க்கு நிபந்தனையோடு பொருந்தும் முதல் பேஸ்மேக்கருக்கு அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து பலருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கருவி, வயர் இரண்டும் அந்த வகையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே கருவியின் நிலையை மாற்ற வேண்டும், கண்காணிப்பு வேண்டும். 1.5 டெஸ்லா என்பது பதினைந்து இலட்சம் மைக்ரோடெஸ்லா. மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அதற்குள் போவது வேறு, ‘பட்டு’ சொல்லப் போவது வேறு. படுத்துக்கொண்டு பேசினால் நாக்கும் பின்னால் சாயும்.

மிஞ்சியது பழைய கரி முறை. சுத்தமான கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவி, ஒரு சொல்லைச் சொல்லவைத்து, வாய்க்குள் கண்ணாடி வைத்து அண்ணத்தைப் படம் எடுப்பது. நாக்கு தொட்ட இடமெல்லாம் கறுப்பு. அண்ணத்தில் தடவினால் நாக்கின் எந்தப் பகுதி தொட்டது என்று தெரியும். மின்சாரமே இல்லை. 1999 தமிழ் ஆய்விலும் இதற்கு இடம் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு சொல்தான், ஒவ்வொரு முறையும் வாய் கழுவ வேண்டும், அசைவின் வேகம் தெரியாது. ஆனால் அல்ட்ராசவுண்ட் மறைக்கும் நுனியை இது காட்டிக்கொடுக்கும். இரண்டையும் சேர்த்தால் எங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் வந்துவிடும். ‘ழ’வுக்கு மட்டும் இது பெரிதாக உதவாது, அதில் நாக்கு எங்கும் அழுத்தித் தொடுவதில்லை.

ஒலிப்பதிவை ஆபத்தே இல்லாத வழி என்று நினைத்து நான் யோசிக்காமலே விட்டிருந்தேன். அன்ரி வீட்டில் மாதிரிப் பதிவுக்குப் போனபோது கையில் இருந்தது புதிதாக வாங்கிய கம்பியில்லா மைக். கரையோர ரயில் கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, மைக்கை அவருடைய சேலைத் தலைப்பில் குத்தப் போனேன். அந்த மைக்கில் ஊசி இல்லை. துணிக்கு இரண்டு பக்கமும் நின்று இறுக்கும் காந்தப் பொத்தான். இடப்பக்கம், காறை எலும்புக்குக் கீழே, சரியாக அந்த இடம். கை அரைவழியில் நின்றுவிட்டது. ஆறு வாரமாக நான் அஞ்சிக்கொண்டிருந்த ஈ.எம்.ஏ. இன்னும் விமானமே ஏறவில்லை. என் சட்டைப்பையில் இருந்த சின்னப் பொத்தான்தான் அன்ரியின் நெஞ்சுக்கு மிகக் கிட்டப் போன காந்தம்.

ஹெட்போனுக்கும் இதே கதை. அதற்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம், கருவிக்கு 3 சென்ரிமீற்றருக்குள் வந்தால் சிலருக்குப் பாதிப்பு உண்டு என்று 2008இலேயே அமெரிக்க மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். காதில் இருக்கும்போது பிரச்சினை இல்லை. கழற்றி நெஞ்சில் தொங்கவிடும்போதுதான். காந்தம் பொருத்திய கைபேசிகளை இதயக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கும்படி 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. மைக்கும் ஹெட்போனும் எல்லாப் பதிவிலும் இருப்பவை, எந்தப் படிவத்திலும் கேட்கப்படாதவை. எங்கள் படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. மைக் இனி மேசைத் தாங்கியில்.

முடிவாகத் திட்டத்தையே திருப்பிப் போட்டோம். முதலில் எட்டுப் பேருக்கும் ஈ.எம்.ஏ., முடியாதவர்களுக்கு வேறு ஏதாவது என்று இருந்தது. இப்போது எட்டுப் பேருக்கும் அல்ட்ராசவுண்ட், கரி, மேசை மைக். ஈ.எம்.ஏ. விரும்பும் ஆறு பேருக்குக் கூடுதலாக. மாஸ்டரும் அன்ரியும் ‘மற்றவர்கள்’ பட்டியலில் விழாமல் மற்றவர்களோடு ஒரே அளவுகோலில் நிற்பார்கள். ‘ழ’வின் அசைவை மட்டும் ஆறு பேரிடமிருந்து எடுப்போம், கட்டுரையில் அதை அப்படியே சொல்வோம். இழப்புத்தான், மறுக்கவில்லை. ஈ.எம்.ஏ. நாட்களில் அந்த இருவரும் அறைக்குள் வராதபடி கதவில் மூன்று மொழியிலும் அறிவிப்பு ஒட்டவும் முடிவாகியிருக்கிறது, ஏனென்றால் மாஸ்டர் வேடிக்கை பார்க்கக் கட்டாயம் வருவார்.

கரி விஷயத்தைச் சொன்னபோது மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நெத்தியில நீறு, நாக்கில கரி. கோயிலுக்குப் போற நாளில வைக்காதேங்கோ தம்பி.” வெள்ளிக்கிழமையை அடித்துவிட்டுப் புதன் என்று எழுதிக்கொண்டேன்.